திண்டிவனத்துப் பைப்பு

லாரிப் பட்டறையில் புதிதாகக் கை வைத்திருக்கும் தம்பிகளே, நீங்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள். வண்டியோடு வந்த சைலன்சரைக் கழற்றிவிட்டு வெளியில் விற்கிற அகலக் குழாயைப் போடலாமா, ஏர் கிளீனரைத் தூக்கிவிட்டுப் பெரிதாக வேறொன்று வைக்கலாமா, வண்டி இழுக்குமா, டீசல் மிச்சமாகுமா என்று. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல நிலையில் இருக்கிற வண்டிக்கு அதனால் சத்தம்தான் கூடும். பெரும்பாலும் வேண்டாம்.

பதில் அவ்வளவுதான். ஆனால் அதை நான் தெரிந்துகொண்ட விதத்தையும் சொல்ல வேண்டும். இத்தனை நாள் நான் யாரிடமும் அதை முழுதாகச் சொன்னதில்லை. எனக்குப் பெருமை தருகிற கதை இல்லை அது.

எண்பதுகளின் நடுவில் விழுப்புரத்தில், திருச்சி ரோட்டோரம் எனக்குச் சொந்தமாக ஒரு பட்டறை இருந்தது. ஓலைக் கொட்டகை, வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்க ஒரு குழி, இரண்டு வேலையாட்கள். எல்லாரும் என்னை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். சுற்று வட்டாரத்தில் லாரி வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் என்னிடம்தான் வருவார்கள். அவர்களில் எனக்கு மிகவும் நெருக்கமானவன் ஏழுமலை. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்துக்காரன். என் வயதுதான். கொஞ்சம் நிலம், ஒரு லாரி. தன் வண்டியைத் தானே ஓட்டுவான். கரும்புக் காலத்தில் கழனியிலிருந்து ஆலைக்குக் கரும்பு. மற்ற மாதங்களில் திண்டிவனத்துக்கு மல்லாட்டை, அதாவது நிலக்கடலை மூட்டை. பன்னிரண்டு வருஷம் அந்த வண்டியில் என் கையைத் தவிர வேறு யார் கையும் பட்டதில்லை. ரோட்டில் வரும்போதே சத்தத்தை வைத்து ஏழுமலை வருகிறான் என்று சொல்லிவிடுவேன்.

ஒரு நாள் காலையில் கொட்டகை வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. எனக்குத் தெரியாத சத்தம். கனமாக, அடித்தொண்டையில் பேசுவதுபோல. நிமிர்ந்து பார்த்தால் ஏழுமலை இறங்கி வருகிறான். முகமெல்லாம் சிரிப்பு.

“இன்னா மேஸ்திரி, கேட்டீங்களா சத்தத்த?”

“வண்டிய இன்னாடா பண்ணித் தொலைச்ச?”

“திண்டிவனத்துல மூட்டை எறக்கப் போனேன். அங்க ஒரு மெக்கானிக்கு புதுசா பட்டறை போட்டுக்கினு இருக்காரு. பழைய சைலன்சரத் தூக்கிட்டு வேற பைப்பு வெச்சுக் குடுத்தாரு. செஞ்சி ரோட்டு ஏத்தத்துல முன்னெல்லாம் ரெண்டாவது கியருக்கு எறங்கணும் இல்ல? இப்போ மூணாவதுலயே ஏறுது. புகையும் கம்மி.”

“சத்தம் பெருசாக் கேட்டா வண்டி வேகமாப் போற மாதிரிதான் இருக்கும். எல்லாம் மனசு.”

“அய்ய, சத்தம் ஏமாத்தலாம் மேஸ்திரி. கியரு ஏமாத்துமா?”

அவன் எண்ணெய் மாற்றத்தான் வந்திருந்தான். மாற்றிக் கொடுத்தேன். அந்த அரை மணி நேரமும் அவன் அந்தத் திண்டிவனத்துக்காரரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தான். எப்படிக் காது கொடுத்துக் கேட்கிறார், எப்படிப் பொறுமையாக விளக்குகிறார், பட்டறையை எவ்வளவு சுத்தமாக வைத்திருக்கிறார் என்று. பல வருஷம் என் வீட்டில் சாப்பிட்டவன் என் பந்தியில் உட்கார்ந்துகொண்டே அடுத்த வீட்டுக் குழம்பைப் புகழ்வதுபோல இருந்தது எனக்கு. அவன் போன பிறகு ஒரு நட்டை ஸ்பேனரால் முறுக்கும்போது மரை போய்விட்டது. அவ்வளவு அழுத்தியிருக்கிறேன்.

அடுத்த இரண்டு மாதத்தில் என் வாடிக்கையாளர்களில் ஏழெட்டுப் பேர் அந்தச் சத்தத்தோடு ரோட்டில் போனார்கள். ஒவ்வொரு வண்டி கடந்து போகும்போதும் கையிலிருக்கும் வேலை நின்றுவிடும். அவர் பெயர் எனக்குத் தெரியும். ஆனால் என் வாயால் சொன்னதில்லை. திண்டிவனத்துக்காரன் என்பேன். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர் என்று கேள்விப்பட்டதும் எரிச்சல் இன்னும் அதிகமாயிற்று.

கடைசியில் ஒரு நாள், பேரிங் வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு பஸ் ஏறித் திண்டிவனம் போனேன். அவருடைய பட்டறைக்கு எதிரில் ஒரு டீக்கடை. அங்கே முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு ஓரக்கண்ணால் பார்த்தேன். நான்கு லாரிகள் வரிசையில் நின்றன. ஒல்லியான மனிதர், காதில் பென்சில். ஒவ்வொரு வண்டியையும் ஓடவிட்டு, குழாய் முனையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு டிரைவரிடம் ஏதோ சொன்னார். நான் பார்த்துக்கொண்டிருந்த நேரத்துக்குள்ளேயே இரண்டு வண்டிகளை வேலை செய்யாமல் திருப்பி அனுப்பிவிட்டார். எவ்வளவு திமிர் இருந்தால் வருகிற வேலையை வேண்டாம் என்பார் என்று நினைத்தேன்.

அவர் என்னைப் பார்த்துவிட்டார். நேராக ரோட்டைக் கடந்து வந்தார்.

“விழுப்புரம் மேஸ்திரிதானுங்க நீங்க? ஏழுமலை அடையாளம் சொல்லியிருக்காரு. இன்னா இங்க ஒக்காந்துக்கினு? உள்ள வாங்க. பாருங்க. மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல.”

தம்பிகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒருவர் தன் பட்டறையைத் திறந்து உள்ளே வா என்று கூப்பிடுகிறார். நான் எதைத் தெரிந்துகொள்ளப் போனேனோ அதைத் தானாகவே காட்டுகிறேன் என்கிறார். எழுந்து போக வேண்டியதுதான். பத்தடி தூரம்.

“பஸ்ஸுக்கு டைம் ஆயிடுச்சு,” என்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரே யோசனை. அந்தத் திண்டிவனத்துக்காரன் புகை வெளியே போகிற வழியைத் திறந்தான். நான் காற்று உள்ளே வருகிற வழியைத் திறக்கிறேன். அவன் செய்ததைவிடப் பெரிதாக. திண்டிவனத்திலிருந்து என்னைத் தேடிக்கொண்டு வர வேண்டும். விழுப்புரம் ஸ்டாண்டில் இறங்குவதற்குள் எல்லாவற்றையும் மனதில் செய்து முடித்திருந்தேன். வண்டிக்கு அது தேவையா என்ற கேள்வி மட்டும் மனதில் வரவே இல்லை.

முதல் வண்டி ஏழுமலையுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று தீர்மானித்தேன். அவனை அவரிடமிருந்து திரும்பப் பிடுங்க வேண்டும், அதுதான் எனக்கு முக்கியம். அவனைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். எண்ணெய்த் தொட்டி வைத்த பழைய ஏர் கிளீனரை எடுத்துவிட்டு, உள்ளே கம்பி வலை வைத்த ஒரு டப்பா. அங்கிருந்து அகலமான குழாய் முன்பக்கம் போகும். ரேடியேட்டருக்குக் கீழே, பம்பரை ஒட்டி அதன் வாய். வண்டி ஓடும்போது குளிர்ந்த காற்று தானாக உள்ளே பாயும்.

ஏழுமலை குனிந்து பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

“திண்டிவனத்து மெக்கானிக்கை ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா மேஸ்திரி? அவரு பைப்புக்கு இது ஒத்துவருமா ஆவாதான்னு…”

“பன்னண்டு வருஷமா இந்த வண்டியத் தொடறேன். இப்போ அவனைக் கேட்டுக்கினுதான் கை வெக்கணுமா?”

“அய்யோ, கோச்சுக்காதீங்க. போடுங்க.”

போட்டேன். ஒரு மாதம் ஓடியது. பார்க்கும்போதெல்லாம், “எப்பிடிடா இருக்குது?” என்று கேட்பேன். “சூப்பரா இருக்குது மேஸ்திரி” என்பான். வண்டியில் ஒரு மாற்றமும் இல்லை, நான் கேட்பதைப் பார்த்துப் பாவமாக இருந்ததால் அப்படிச் சொன்னான் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கழனிப் பாதையின் புழுதியை அந்தக் கம்பி வலை எங்கே தடுக்கப் போகிறது? மழை வந்திருக்காவிட்டால் புழுதியே ஒரு வருஷத்தில் அந்த இன்ஜினைத் தின்றிருக்கும்.

மழை வந்தது. கார்த்திகை மாதம். ஆலையில் அரவை தொடங்கிச் சில நாள்தான் ஆகியிருந்தது. ஏழுமலையின் ஊர்ப்பக்கம் ஒரு டிராக்டர் வேலைக்காகப் போயிருந்தேன். வேலை முடிந்து மத்தியானம் அவன் கரும்பு லோடோடு விழுப்புரம் வழியாக ஆலைக்குப் போகும்போது நானும் கேபினில் ஏறிக்கொண்டேன். கரும்பின் மேல் வெட்டு ஆட்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு ஆண்கள், அஞ்சலை என்று ஒரு பெண்.

வழியில் ஓடையின் குறுக்கே ஒரு தரைப்பாலம். மேலே எங்கோ நல்ல மழை பெய்திருக்கிறது. பாலத்தின் மேல் செம்மண் நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால் போன கரும்பு லாரி ஒன்று மெதுவாக இறங்கி அக்கரை ஏறிவிட்டது. ஏழுமலை கரையிலேயே வண்டியை நிறுத்தினான்.

“தண்ணி ஏறிக்கினே இருக்குது மேஸ்திரி. நிக்கலாமா, போலாமா? நீங்க சொல்லுங்க.”

முன்னால் போன வண்டியின் பம்பர் வரைக்கும் தண்ணீர் தொட்டதை நான் பார்த்தேன். அந்த வண்டிக்கு ஏர் கிளீனர் மேலே, இன்ஜின் பக்கத்தில் இருந்தது. எங்கள் வண்டியின் காற்றுக் குழாய் எங்கே வாயைத் திறந்து வைத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். வைத்தவன் நான். ஏழுமலைக்கு அது நினைவில் வரவில்லை. மேலே இருந்த மூன்று பேருக்கும் தெரிய வழியே இல்லை. எனக்கு மட்டும்தான் தெரியும்.

‘வேண்டாம், குழாய் தாழ்வாக இருக்கிறது’ என்று சொன்னால் போதும். ஆனால் அப்படிச் சொன்னால், நான் வைத்த குழாயால் இந்த வண்டி மழைக்காலத்தில் ஓட முடியாது என்று ஒத்துக்கொள்வதாக ஆகும். அடுத்த வாரம் திண்டிவனத்தில் அது பேச்சாகிவிடும். டீக்கடைக்கு எதிரே அந்த மனிதர் காதில் பென்சிலோடு சிரிப்பதுகூட என் கண்ணில் தெரிந்தது. அவர் அப்படிச் சிரிக்கிற ஆள் இல்லை. இருந்தும் தெரிந்தது.

“போ,” என்றேன். “அவன் போனான் இல்ல.”

பாலத்தின் நடுவில் போகும்போது இன்ஜினில் ஒரே ஓர் அடி. சுத்தியலால் இரும்பைத் தட்டியது மாதிரி. அதோடு எல்லாம் நின்றுவிட்டது. தண்ணீர் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஏழுமலை சாவியை நோக்கிக் கையை நீட்டினான்.

“அடிக்காத! ஸ்டார்ட் பண்ணாத!” என்று கத்தினேன். தண்ணீர் உள்ளே போன இன்ஜினைச் சுற்றினால் மிச்சமிருப்பதும் உடையும். என்ன நடந்தது என்று அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது என்பதற்கு அந்தக் கத்தலே சாட்சி.

தண்ணீர் படிக்கட்டுக்கு மேல் ஏறியது. அக்கரையில் நின்ற லாரி டிரைவர் கயிறு வீசினார். அதை முன்பக்கக் கொக்கியில் கட்டிக்கொண்டு ஒவ்வொருவராக இறங்கி நடந்தோம். இடுப்பளவு தண்ணீர்தான்; ஆனால் காலை இழுத்தது. ஆண்கள் இரண்டு பேரும் கரை சேர்ந்தார்கள். அஞ்சலைக்குப் பாதியில் கால் வழுக்கியது. கயிற்றை விட்டுவிட்டாள். பின்னால் வந்த ஏழுமலை ஒரு கையால் கயிற்றைச் சுற்றிக்கொண்டு மறு கையால் அவள் புடவையைக் கொத்தாகப் பிடித்தான். இரண்டு பேர் பாரமும் அவனுடைய ஒரு மணிக்கட்டில் தொங்கியது. முன்னால் போய்க்கொண்டிருந்த நான் திரும்பி வந்து அஞ்சலையைப் பிடிப்பதற்குள் அந்த மணிக்கட்டு உடைந்துவிட்டது. அவன் கயிற்றை விடவில்லை.

கரையில் அஞ்சலை தண்ணீர் கக்கினாள். அவள் புருஷன் கொல்லிமலைப் பக்கம் வேலைக்குப் போயிருக்கிறான், வீட்டில் இரண்டு பிள்ளைகள் என்று யாரோ சொன்னார்கள். நான் காதைப் பொத்திக்கொள்ள நினைத்தேன்.

கூட்டம் கூடிவிட்டது. யாரோ ஒருவர் கேட்டார்:

“இது அந்தத் திண்டிவனத்துப் பைப்பு போட்ட வண்டிதானே? பைப்பு வழியாத்தான் தண்ணி ஏறியிருக்கும். இன்னா மேஸ்திரி?”

ஓடுகிற இன்ஜினின் புகைக்குழாய் வழியாகத் தண்ணீர் ஏறாது. உள்ளிருந்து வரும் வேகம் அதை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். பட்டறையில் ஒரு வருஷம் இருந்தவனுக்கும் அது தெரியும். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஏழுமலை உடைந்த கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

“இருக்கலாம்,” என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு வார்த்தைதான். ஆனால் அந்த வார்த்தை எனக்கு முன்னால் விழுப்புரம் போய்ச் சேர்ந்தது. ஒரு வாரத்துக்குள் திண்டிவனமும் போய்விட்டது. மழை நாளில் அந்தப் பைப்பு ஆளைக் கொல்லும் என்று ஆயிற்று. லாரிகள் என்னிடம் திரும்பி வந்தன. “அதக் கழட்டிடுங்க மேஸ்திரி, பேஜாரா இருக்குது” என்றார்கள். கழற்றினேன். ஒவ்வொரு குழாயையும் கொட்டகைப் பின்பக்கம் வீசும்போது எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்று உங்களிடம் மறைக்க மாட்டேன். அந்த நாட்களில் நான் நன்றாகச் சாப்பிட்டேன். வேலையாட்களிடம் சிரித்துப் பேசினேன்.

ஏழுமலையின் வண்டியை இழுத்து வந்து என் கொட்டகையில்தான் நிறுத்தியிருந்தோம். இன்ஜினைப் பிரித்துப் பார்த்தேன். மூன்றாவது சிலிண்டரின் கனெக்டிங் ராடு வில் மாதிரி வளைந்திருந்தது. காற்று வருகிற பக்கமெல்லாம் வண்டல். புகை போகிற பக்கத்தில் வண்டல் ஒரு துளி இல்லை. மண்ணெண்ணெயை ஊற்றிக் காற்றுப் பக்கத்தை நானே கழுவினேன். வேலையாட்களிடம் விடவில்லை.

பத்துப் பதினைந்து நாள் போயிருக்கும். ஒரு மத்தியானம் கொட்டகை வாசலில் ஒரு நிழல். திண்டிவனத்துக்காரர். பஸ்ஸில் வந்திருக்கிறார், கையில் ஒரு சின்னப் பை. ஏழுமலை மாவுக்கட்டுக் கையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். வேறு இரண்டு டிரைவர்களும் இருந்தார்கள்.

“மேஸ்திரி, என் பைப்பால ஒரு வண்டி கெட்டுச்சுன்னா நான் வந்து பாக்கணும் இல்லீங்களா? பாக்கலாமா?”

மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை. அவர் முதலில் ஏழுமலையின் கையைப் பார்த்து விசாரித்தார். பிறகு பிரித்துப் போட்டிருந்த ஒவ்வொரு சாமானாக எடுத்துப் பார்த்தார். வளைந்த ராடைப் பார்த்தார். கழுவித் துடைத்து வைத்திருந்த காற்றுப் பக்கத்தைப் பார்த்தார். பக்கத்தில் கழுவாமல் கரியோடு கிடந்த புகைப் பக்கத்தைப் பார்த்தார். ஒரு பக்கத்தை மட்டும் எதற்காகக் கழுவுவார்கள் என்பதை யோசிக்க அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. வண்டியின் முன்னால் போய்க் குந்தி உட்கார்ந்தார். நான் வைத்த குழாயின் வாயிலிருந்து தரை வரைக்கும் ஒரு சாண், இரண்டு சாண் என்று கையால் அளந்தார். எழுந்தார். என்னைப் பார்த்தார்.

“எதால ஆச்சுங்க மெக்கானிக்கு?” என்று ஏழுமலை கேட்டான்.

அவர் சொல்லியிருக்கலாம். நான் அவர் இடத்தில் இருந்திருந்தால் ஊரைக் கூட்டிச் சொல்லியிருப்பேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, “வண்டி பன்னண்டு வருஷமா மேஸ்திரி கையில இருக்குது. அவருக்குத் தெரியாததா? அவரே சொல்லுவாரு” என்றார்.

அந்த இடத்திலும் எனக்கு முதலில் வந்தது பொறாமைதான். தன் வாயால் ஒரு வார்த்தை குறையாகச் சொல்லாமல் நிற்க அவரால் முடிகிறதே என்ற பொறாமை. அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

டிரைவர்கள் காத்திருந்தார்கள். ஏழுமலை காத்திருந்தான்.

“அவரு பைப்பு இல்ல,” என்றேன். “நான் வெச்ச பைப்பு. அது வழியாத்தான் தண்ணி போச்சு.”

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு மெக்கானிக்கின் தவறு என்ற அளவில் அது முடிந்திருக்கும். ஆனால் ஏழுமலையின் மாவுக்கட்டு என் கண்ணெதிரே இருந்தது.

“பாலத்துல நீ நிக்கலாமான்னு கேட்டப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் போன்னு சொன்னேன்.”

ஏழுமலை கத்துவான் என்று எதிர்பார்த்தேன். அவன் மெதுவாக எழுந்தான்.

“அஞ்சலை போயிருந்தா, அந்தப் புள்ளைங்களுக்கு இன்னா பதில் சொல்லியிருப்பீங்க மேஸ்திரி?” என்று கேட்டான். பதிலுக்கு அவன் நிற்கவில்லை. அடுத்த நாள் வேறொரு லாரியைக் கொண்டுவந்து தன் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு திண்டிவனம் போனான். பிரித்துப் போட்டிருந்த சாமான்களை நானே மூட்டை கட்டி ஏற்றினேன். அவன் என் பக்கம் திரும்பவில்லை.

அதன்பின் ஒரு மாதம் எனக்கு ஒரே வேலை. யாரிடமெல்லாம் அந்த ‘இருக்கலாம்’ போய்ச் சேர்ந்ததோ, அவர்களிடமெல்லாம் போய் ‘இல்லை’ என்று சொல்ல வேண்டியிருந்தது. டீக்கடை, ஆலை வாசல், லாரி நிற்கிற இடமெல்லாம். அந்த ஒற்றை வார்த்தை ஒரு வாரத்தில் போன தூரத்துக்கு இதைக் கொண்டுபோகப் பல நாள் பிடித்தது. சிலர் நம்பினார்கள். சிலர், திண்டிவனத்துக்காரர் என்னை எதற்கோ மடக்கிவிட்டார் என்று நினைத்தார்கள்.

பிறகு ஒரு நாள் திண்டிவனம் போனேன். இந்த முறை நேராகப் பட்டறைக்குள் நுழைந்தேன். நான் கேட்க நினைத்திருந்தது ஒரே கேள்வி.

“ஏழுமலை வண்டிக்கு அப்பிடி இன்னாதான் பண்ணீங்க? நெசமாவே ஏத்தத்துல ஒரு கியரு மிச்சமாச்சே.”

அவர் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தார்.

“பத்து வண்டி வந்தா அதுல ஏழெட்டுக்கு ஒண்ணுமே தேவைப்படாதுங்க. திருப்பி அனுப்பிடறேன். ஒண்ணு ரெண்டுல ஏர் கிளீனர் எண்ணெய் மாத்தாம சேறாப் பூட்டிருக்கும், அத சுத்தம் பண்ணுவேன். ஒண்ணுல சைலன்சரு உள்ள இத்துப்போயி, கரி சேந்து அடைச்சுக்கினு இருக்கும். அதுல புது பைப்பு போட்டா வண்டி பழையபடி இழுக்கும். பழையபடிதான். புதுசா ஒரு குதிரை சக்தியும் சேராது.”

“அப்போ ஏழுமலை வண்டி…”

“அடைச்சுக்கினு இருந்துச்சுங்க. ரொம்ப நாளா.” அவர் என் முகத்தைப் பார்க்காமல் ஒரு ஸ்பேனரை எடுத்து வேறு இடத்தில் வைத்தார்.

ரொம்ப நாளாக. அந்த நாட்களெல்லாம் வண்டி என் கையில்தான் இருந்தது. கறுப்புப் புகை விடுகிறது என்று ஏழுமலை இரண்டு முறை சொல்லியிருக்கிறான். வயசான வண்டி, அப்படித்தான் விடும் என்று பதில் சொல்லியிருக்கிறேன். சத்தத்தை வைத்தே வண்டியை அடையாளம் சொல்கிற என் காதுக்கு, அந்தச் சத்தம் வருஷா வருஷம் அமுங்கிக்கொண்டே போனது கேட்கவில்லை. அவர் ஏழுமலைக்குக் கூட்டிக் கொடுத்ததாக நான் பொறாமைப்பட்ட அந்த ஒரு கியர், என் கையில் இருந்தபோது கொஞ்சம் கொஞ்சமாகத் தொலைந்தது.

ஆகவே தம்பிகளே, குழாய் மாற்ற வேண்டும் என்று யாராவது வந்தால், இருக்கிற குழாய் அடைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஏர் கிளீனரைத் திறந்து பாருங்கள். அதற்கு மேல் ஒன்று புதிதாக வைக்கத் தோன்றினால், அது யாருக்காக என்று உங்களையே ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். வண்டிக்காகவா, ரோட்டின் அந்தக் கோடியில் இருக்கிற இன்னொரு மெக்கானிக்குக் காட்டுவதற்காகவா? டர்போவும் சென்சாரும் வந்த பிறகும் அந்தக் கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

அதற்குப் பிறகு என் பொறாமை போய்விட்டதா என்று கேட்பீர்கள். போகவில்லை. ஏழுமலையின் வண்டி ராடு மாற்றி, பழைய இடத்தில் ஏர் கிளீனர் வைத்து மறுபடி ரோட்டுக்கு வந்தது. இரண்டு கரும்புக் காலம் என் கொட்டகையைத் தாண்டிப் போய் வந்தது. ஒரு நாளும் நிற்கவில்லை. ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு எரிந்தது. வேலையை மட்டும் நிறுத்தாமல் செய்தேன்.

மூன்றாவது வருஷம், வெயில் ஆரம்பித்திருந்த நேரம், அந்த வண்டி வேகம் குறைந்து என் வாசலில் நின்றது. ஏழுமலை இறங்கினான். மணிக்கட்டு லேசாகக் கோணலாகத்தான் கூடியிருந்தது.

“லோடு ஏத்தினா அடியில ஒரு சத்தம் வருது. வண்டி காலியாப் போனா வர்றதில்ல,” என்றான். மேஸ்திரி என்ற வார்த்தை இல்லை.

குழிக்குள் இறங்கிப் பார்த்தேன். வண்டியை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். கியர் பாக்ஸ் மாதிரியும் இருந்தது, பின் அச்சில் இருக்கிற பல்சக்கரக் கூண்டு மாதிரியும் இருந்தது. பழைய ஆளாக இருந்தால் ஏதோ ஒன்றைச் சொல்லி இரண்டில் ஒன்றைப் பிரித்திருப்பேன். இரண்டு வருஷம் கழித்து வந்திருக்கிறான், அவனை விட மனசு வருமா? ஆனாலும் கைகளைத் துடைத்துக்கொண்டு சொன்னேன்:

“எனக்குத் தெரியல ஏழுமலை. பொய் சொல்லி உன் வண்டியப் பிரிக்க மாட்டேன். திண்டிவனம் போ. அவருக்குத் தெரியும்.”

அவன் வண்டிக் கதவில் கையை ஊன்றிக்கொண்டான். பிறகு சிரித்தான். பெரிய சிரிப்பு, தோள் குலுங்கிற்று.

“அங்கயிருந்துதான் வர்றேன் மேஸ்திரி. ரெண்டு நாள் பாத்தாரு. எனக்குத் தெரியல, விழுப்புரம் போ, அவருக்குத் தெரியும்னு அனுப்பிட்டாரு.”

திண்டிவனத்துக்காரருக்கும் தெரியாத ஒன்று இருக்கிறது என்று கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. முழுசாக ஒரு நிமிடம் அதை அனுபவித்தேன். பிறகு வேலையாளைப் போஸ்ட் ஆபீசுக்கு அனுப்பி, அவரை வரச் சொல்லி, அவர் பட்டறைக்குப் பக்கத்துக் கடையில் இருந்த டெலிபோனுக்கு டிரங்க் கால் போடச் சொன்னேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். குழிக்குள் இரண்டு பேருக்கு இடம் போதாது. தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றோம். மேலே ஏழுமலை, லோடோடு நின்ற வண்டியை மெதுவாக உறுமவிட்டான். அவர் ஒரு பக்கம் காதைச் சாய்த்தார், நான் ஒரு பக்கம்.

“உங்களுக்கு எங்க கேக்குது மேஸ்திரி?” என்றார்.